ஏழாவது பொட்டலம்

தை மாதக் குளிரில், காலை எட்டு மணிக்கு, ஒரு மொச்சை மூட்டைக்குள் கையை விட்டேன். உள்ளே சுட்டது. காய்ச்சல்காரக் குழந்தையின் வயிற்றைத் தொட்டால் சுடுமே, அந்த மாதிரிச் சூடு. பயந்து கையை எடுத்துவிட்டேன்.

"இன்னாம்மா, பாம்பு கீதா உள்ள?" என்று சிரித்தாள் எங்களுக்குப் பால் கொண்டுவருகிற பெண். மூட்டை அவளுடையது. "கொட்டி வெச்ச காய் அப்படித்தான். தன்னால வேகும். இன்னும் ரெண்டு நாள் போனா ஆடுகூட மோந்து பாத்துட்டுப் போய்டும்."

ஜவ்வாது மலையில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு எதிரேதான் பஸ் நிற்கும் இடம். என் கணவர் காட்டிலாகாவில் ரேஞ்சர். அந்தத் தையில் பஸ் பழுதாகி ஒன்பது நாள் மலைக்கு வரவில்லை. பனியைக் குடித்துக் காய்த்த மொச்சையெல்லாம் போளூர்ச் சந்தைக்குப் போக முடியாமல் சாலையோரம் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. பச்சைக் காய்கள் மெல்ல மஞ்சளாகி, காம்புப் பக்கம் கறுத்தன. வாசலில் நின்று அதைப் பார்க்கவே எனக்கு மனசாகவில்லை. தட்டில் ஒரு பருக்கை மிஞ்சினாலும் எங்கள் வீட்டில் விடமாட்டார்கள். அப்படி வளர்ந்தவள் நான்.

அதைவிடப் பெரிய காரணம் என் மகள். அவளுக்கு அப்போது ஒன்றரை வயது. கார்த்திகையில் அம்மை போட்டு இறங்கிய பிறகு பாலைத் தவிர எதையும் வாயில் வைக்கவில்லை. இட்லியைத் துப்பினாள், பருப்புச் சாதத்தைத் துப்பினாள். பி.யு.சி. வரை படித்த எனக்கு, குழந்தைக்கு ஒரு நாளைக்கு என்னென்ன தேவை என்று எழுதிவைக்கத் தெரியும். அதை அவள் வாய்க்குள் அனுப்பத்தான் தெரியவில்லை. தை பிறந்து, மொச்சையைப் பிதுக்கி வேகவைத்துச் சோற்றில் மசித்துக் கொடுத்த அன்று வாயைத் திறந்தாள். பதினோரு வாய். நான் எண்ணினேன். மறுநாள் பதினான்கு. வேறு எதைக் கொடுத்தாலும் பழையபடி துப்பல்தான். மாசி முடிந்தால் பச்சை மொச்சை கிடையாது. அதற்குப் பிறகு என்ன செய்வேன்?

"எடுத்துக்கங்க. உங்க ஐஸ் பொட்டில போடுங்க, கெடாதுன்னு சொல்வீங்களே," என்று அவள் ஒரு கூடை நிறைய அள்ளி என் படியில் கொட்டினாள்.

ஐஸ் பொட்டி என்று அவள் சொன்னது எங்கள் ஃப்ரிட்ஜை. மகளின் முதல் பிறந்த நாளுக்கு என் அப்பா அனுப்பியது. வைக்கோல் சுற்றி லாரியில் ஏற்றி, கொண்டை ஊசி வளைவுகளில் அது எங்கே உருண்டு விழுமோ என்று இரண்டு பேர் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தார்கள். வந்த வாரம் பக்கத்துச் சிற்றூர்ப் பெண்கள் எல்லாரும் பார்க்க வந்தார்கள். நான் ஆளுக்கொரு ஐஸ் துண்டு கொடுத்தேன். "ஐயோ, சுடுது!" என்று உதறினார்கள். என் பால்காரப் பெண் மட்டும் உதறவில்லை. உள்ளங்கையில் அது கரைந்து தண்ணீராகி முழங்கை வழியாகச் சொட்டும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். "எங்கம்மா போச்சி அது?" என்று கேட்டாள். படித்தவள் என்ற பெயர் எனக்கு. ஆனாலும் இன்னொரு துண்டை எடுத்து அவள் கையில் வைக்கத்தான் தெரிந்தது.

முதல் தடவை எல்லாவற்றையும் கெடுத்தேன். உரித்த கொட்டையைக் கழுவி, ஈரத்தோடு பால்பவுடர் டின்னில் நிரப்பி, மேலே இருக்கும் ஐஸ் அறையில் வைத்துவிட்டேன். மறுநாள் டின்னுக்குள் ஒரு பாறை இருந்தது. கரண்டியால் குத்தினேன், கரண்டி வளைந்தது. வெந்நீரில் வைத்து இளக்கி வேகவைத்தால் ஒரு நாற்றம், பழைய ஈரத்துணி மாதிரி. என் மகள் அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பிறகுதான் ஃப்ரிட்ஜோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்தேன். முதலிலேயே எடுத்திருக்க வேண்டும். அதில் பச்சைப் பட்டாணி பற்றி ஒரு பக்கம் இருந்தது. கொதிக்கும் தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு எடு, உடனே குளிர்ந்த தண்ணீரில் போடு, ஈரம் போகத் துடை, காற்றில்லாமல் மூடு. மொச்சை என்ற பேச்சே இல்லை. பட்டாணிக்குச் சொன்னது மொச்சைக்கும் பொருந்துமா? இரண்டு நிமிடமா, மூன்றா? யாரைக் கேட்பது? கணவர் காட்டுக்குப் போனால் வர மூன்று நாள் ஆகும். வீட்டில் இருந்தாலும், "உனக்குச் சரின்னு பட்டதைச் செய்" என்றுதான் சொல்வார். எனக்கு எது சரி என்று பட்டிருக்கிறது?

மறுநாள் பால் ஊற்ற வந்தவளையே உட்காரவைத்தேன். அவள் உரித்தாள், நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கொதிநீரில் போட்டு எடுத்தேன். சுடுநீரில் விழுந்த மொச்சை வெளிறிப் போகும் என்று நினைத்திருந்தேன். மாறாக அது இன்னும் பச்சையானது. செடியில் இருந்தபோதுகூட அவ்வளவு பச்சை இல்லை. நாங்கள் இரண்டு பேரும் பாத்திரத்துக்கு மேல் தலையை மோதிக்கொண்டு பார்த்தோம்.

"சாயம் போட்டியாம்மா?"

"சத்தியமா இல்லை."

வெந்நீரில் தோல் இளகியிருந்ததால் பிதுக்குவதும் சுலபமாயிற்று. அவள் விரல் பட்டதும் பருப்பு துள்ளி வெளியே வந்தது. நான் ஒன்று பிதுக்குவதற்குள் அவள் ஐந்து பிதுக்கினாள். "இதுக்கு இன்னா படிப்பு படிச்சீங்க?" என்று கேலி வேறு. பழைய வேட்டியில் பரப்பி ஈரத்தை ஒற்றி எடுத்தோம். பாலித்தீன் கவரில் நிரப்பி, வாயை ஆக்ஸா பிளேடின் விளிம்பில் மடித்து, மெழுகுவர்த்திச் சுடரில் ஒரு இழுப்பு இழுத்தால் ஒட்டிக்கொள்ளும். ஏழு பொட்டலம் தேறியது. ஐஸ் அறையில் அவ்வளவுதான் இடம்.

ஒட்டுவதற்கு முன்னால் அவள் தன் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே மஞ்சள் பூசிய மொச்சைப் பருப்புகள். அந்த மலையில் புதுக்காயை ஊர் அம்மனுக்குப் படைக்காமல் யாரும் வாயில் வைக்கமாட்டார்கள். படைத்ததில் கொஞ்சம் மஞ்சள் தடவித் தருவார்கள். அதை வீட்டிலிருக்கும் காயோடு கலந்துவிட்டால் முழுவதும் படைத்த கணக்கு. "கொயந்த துன்றது. கலக்காத எப்படிக் குடுப்பீங்க?" என்று பொட்டலத்துக்கு ஒன்றாகப் போட்டாள். நான் தலையை ஆட்டினேன்.

அவள் போன பிறகு எனக்கு நிலைகொள்ளவில்லை. கொதிக்கவைத்துச் சுத்தம் செய்ததில், எத்தனை கை பட்டதோ தெரியாத ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். முந்தானை முடிச்சில் எத்தனை நாள் இருந்ததோ. அம்மை வந்த வயிறு. பொட்டலங்களைப் பிரித்தேன். மஞ்சள் பருப்பைப் பொறுக்கி எடுத்துவிட்டு மறுபடி ஒட்டினேன். செய்யும்போதே, செய்வது தப்பு என்றும் தோன்றியது. எத்தனை பிரித்தேன் என்று எண்ணவில்லை. குழந்தை எழுந்து அழுதாள். எல்லாவற்றையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டேன். பொறுக்கியதைத் துளசிச் செடியின் அடியில் போட்டேன். குப்பையில் போட மனம் வரவில்லை.

முதல் பொட்டலத்தைப் பங்குனியில் பிரித்தேன். வெளியே வெயில் தகித்தது. மலையில் எந்தக் கொடியிலும் ஒரு மொச்சைகூட இல்லை. என் கையில் இருந்தது அதே பச்சை. பருப்புகள் கூழாங்கற்களாய் ஒன்றோடொன்று மோதிக் கலகலத்தன. மேலே வெண்மையாய்ப் பனி பூத்திருந்தது. கொதிநீரில் விழுந்ததும் தை மாதத்து வாசனை எழுந்து சமையலறையை நிறைத்தது. எண்ணெய்ப் பிசுக்கும் பனியும் கலந்த வாசனை. என் மகள் தத்தித் தத்தி வந்து புடவையைப் பிடித்து இழுத்தாள். நான் அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அழுதேன்.

ஆடி வந்தபோது ஒரே ஒரு பொட்டலம் மிச்சம். அதற்குள் மகள் இட்லி, கீரை, சாமைக் கஞ்சி எல்லாம் சாப்பிடத் தொடங்கியிருந்தாள். ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. திடீரென்று மறுபடி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால்? அந்த ஏழாவது பொட்டலம் உள்ளே இருக்கிறது என்ற தைரியத்தில்தான் நான் அவளுக்குச் சோறு ஊட்டினேன். காலியான இடத்தில் தண்ணீர் நிரப்பிய டின்களை அடுக்கி வைத்தேன், குளிர் வெளியே போகாமலிருக்க. ஒரு டம்ளர் ஐஸின் மேல் ஒரு புளியங்கொட்டையையும் வைத்தேன். அது புத்தகத்தில் இல்லை, என் யோசனை. அடிக்கடி கரண்ட் போகும் ஊர். நான் பார்க்காதபோது உள்ளே எல்லாம் உருகி மறுபடி உறைந்திருந்தால், கொட்டை அடியில் போய் உட்கார்ந்து காட்டிக்கொடுக்கும்.

ஆடிக் காற்றில் ஒரு மாலை கம்பம் சாய்ந்து கரண்ட் போனது. நான் ஃப்ரிட்ஜைக் கம்பளியால் சுற்றிக் கட்டினேன். மறுநாள் காலை பால் கொண்டுவந்தது அவள் இல்லை. அவளுடைய மாமியார்.

"உங்க மருமக எங்கே, பெரியம்மா?"

"படுத்துகினு கீறா. முயுவாம கீறா, மூணு மாசம்." பாலை ஊற்றினார்கள். கொஞ்சம் கீழே சிந்தியது. "தண்ணி குடிச்சாலும் வாந்தி. நாலு நாளா வயித்துல ஒண்ணும் நிக்கல. ஏற்கெனவே ரெண்டு கலைஞ்சி போச்சிம்மா. ரெண்டாவது, போளூர் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸுல போவறப்பவே போய்டுச்சி. அந்த வளைவு திரும்பறதுல. இப்ப டாக்டரு, நாளைக்குள்ள சோறு நிக்கலன்னா கீழ கூட்டினு போயி குளுக்கோஸ் ஏத்தியே ஆவணும்ன்றாரு."

"ஏதாவது கேக்கறாளா? எது பிடிக்குதோ அதைக் கொடுத்தா நிக்குமே?"

"கேக்கறாளே! இன்னா கேக்கறா தெரியுமா? பச்ச மொச்ச!" கோபமும் அழுகையுமாகச் சிரித்தார்கள். "ஆடில! காஞ்சத ஊறவெச்சிப் பிதுக்கி ஆக்கிக் குடுத்தேன். வாசன வேறன்னு வாந்தி எடுக்கறா. வெத போட்டு பத்து நாளு ஆவல. நான் கொல்லில போயி மண்ண நோண்டி மொளைய வைய்யவா, பூக்க சொல்லி?"

நான் பால் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பொட்டலம் இருப்பதைச் சொல்லவில்லை. அவர்கள் போய்விட்டார்கள்.

அந்தக் காலை நேரத்தைப் பற்றி எனக்கு இன்னும் பெருமை இல்லை. என் மகளின் பொட்டலம் அது. சரி, கொடுக்கலாம். ஆனால் கரண்ட் இல்லை. உள்ளே கெட்டிருந்தால்? கர்ப்பிணிக்குக் கெட்டதைக் கொடுத்து, அதனாலேயே கலைந்துவிட்டால்? கதவைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். திறந்தால் இருக்கிற குளிரும் போய்விடும். ஃப்ரிட்ஜுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். மகள் வந்து கம்பளி முடிச்சைப் பிடித்து இழுத்தாள். நான் அதை அவிழ்த்தேன்.

புளியங்கொட்டை மேலே இல்லை. அடியிலும் இல்லை. ஐஸுக்குள் ஒரு நகக்கண் ஆழத்தில், மேலே ஒரு மடக்குத் தண்ணீரோடு அப்படியே நின்றிருந்தது. அதற்குக் கீழே டம்ளர் முழுவதும் கல்லாய் இருந்தது. இதை என்னவென்று எடுத்துக்கொள்வது? பொட்டலத்தை அழுத்திப் பார்த்தேன். ஓரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. நடுவில், மாதக்கணக்கான பனி சேர்ந்து ஒரே கல். பருப்புகளுக்கு இடையில் ஐஸ் மின்னியது. ஐஸ் இருக்கும்வரை ஒன்றும் ஆகியிருக்காது என்று எனக்கு நானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டேன். பொட்டலத்தைத் துண்டில் சுற்றி, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

சாமைக் கொல்லைகளைத் தாண்டிப் பத்து நிமிட நடை. துண்டு ஈரமாக ஈரமாக என் நடை வேகமாயிற்று. மாமியார் வாசலிலேயே இருந்தார்கள். நான் மூச்சு வாங்கிக்கொண்டே பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினேன். அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தேன்.

"பாருங்க பெரியம்மா, பச்சை மொச்சை! புதுசு, இப்பப் பறிச்ச மாதிரி!"

அவர்கள் முகம் மலர்ந்து, உடனே மூடிக்கொண்டது. "புதுசா? எந்த ஊர்ல காச்சுது?"

"இல்லை, இது போன தையில..."

"போன தையா? ஏம்மா, நான் கண்ணு தெரியாதவளா? போன தை காயின்னா காஞ்சி கல்லா கீணும். இது பச்சையா கீது. கீழ்நாட்டுலேர்ந்து புதுக்காய் வாங்கியாந்துட்டு மறைக்கிறீங்க. எங்க சாமிக்கு வெக்காத காயி. மாசமா கீற பொண்ணுக்கு அதக் குடுப்பனா? ரெண்டு போனது போதாதா?"

"உங்க மருமகதான் எனக்குப் பிதுக்கிக் கொடுத்தா. அவளையே கேளுங்க."

உள்ளே இருட்டிலிருந்து குரல் வந்தது. அவ்வளவு மெலிந்த குரலை அவளிடம் நான் கேட்டதில்லை. "ஆமா அத்த, நாந்தான் பிதுக்கினேன். சாமி காயி போட்டேன். பொட்லத்துக்கு ஒண்ணு. அவுத்துப் பாரு."

பொட்டலத்துக்கு ஒன்று. நான் பொறுக்கி எறிந்த ஒன்று. சொல்லிவிடலாமா? சொன்னால் பொட்டலத்தை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். சொல்லாமல் இருந்து, மஞ்சள் இல்லாமல் போனால், அவளையும் சேர்த்துப் பொய்க்காரி ஆக்குவேன். நான் யோசித்து முடிப்பதற்குள் மாமியார் பல்லால் பாலித்தீனைக் கிழித்து முறத்தில் கொட்டினார்கள்.

கட்டியாக விழுந்தது. விழுந்த வேகத்தில் மெல்ல ஒரு விரிசல் சத்தம் கேட்டது. ஆடிக் காற்றில் அதிலிருந்து வெண்புகை எழுந்து முறத்தின் விளிம்பில் வழிந்தது. மாமியார் விரலால் தொட்டு இழுத்துக்கொண்டார்கள். "சுடுது..." என்றார்கள். கோபம் இல்லாத குரல். குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். கட்டி ஓரத்திலிருந்து இளகி, ஒவ்வொரு பருப்பாகக் கழன்று விழுந்தது. பச்சை. பச்சை. இன்னும் பச்சை. மனசுக்குள் நான் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது.

நடுக்கட்டி இரண்டாகப் பிளந்தது. உள்ளே ஐஸ் மஞ்சளாக இருந்தது. முட்டையின் கரு மாதிரி. அந்த மஞ்சள் ஐஸுக்கு நடுவில் மஞ்சளாய் ஒரு பருப்பு.

மாமியார் அதை ஐஸோடு எடுத்து உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் அவர்கள் ஊர்க் கோயிலில் பூசிய மஞ்சள், பூசிய அன்றிருந்த ஈரத்தோடு இருந்தது. வெளியே கோடை வந்து போயிருந்தது. காய்ந்த கொடியை ஆடு மேய்ந்து, நிலத்தை உழுது, மறுபடி விதைத்தும் ஆகிவிட்டது. அந்தப் பருப்புக்கு மட்டும் அது தை மாதம் பத்து மணிக் காலை. என் சமையலறையில், ஒரு இரும்புக் கதவுக்குப் பின்னால், அது இருந்துகொண்டே இருந்திருக்கிறது. என் அவசரத்தையும் என் சந்தேகத்தையும் தப்பி.

"எங்க ஊட்டு மஞ்சதான்," என்றார்கள் மாமியார் மெதுவாக. அந்தப் பருப்பைத் தனியாக ஒரு அகலில் வைத்துவிட்டு அடுப்பை மூட்டினார்கள்.

பூண்டு, இரண்டு பச்சைமிளகாய், உப்பு. வேறொன்றும் இல்லை. கொதி வந்ததும் வாசனை உள்ளே போயிற்று. பாய் சரசரத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் தானாக எழுந்து வந்தாள். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக இருந்தது. குனிந்து ஆவியை முகர்ந்து, "இதான்," என்றாள். "இந்த வாசனதான்."

தட்டில் கொஞ்சம் சாமைச் சோறும் பருப்பும். ஒவ்வொன்றாக எடுத்து மென்றாள். நானும் மாமியாரும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். விழுங்கினாள். நாங்களும் விழுங்கினோம். என் மகள் இடுப்பிலிருந்து நழுவி இறங்கி, நேராகப் போய் அந்தத் தட்டில் கையை வைத்தாள். நான் பதறி இழுத்தேன்.

"உடுங்க, அதும் துன்னட்டும்," என்றாள் அவள். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். அன்றைக்கு நான் வாயை எண்ணவில்லை.

சாப்பிட்டு முடித்துச் சுவரில் சாய்ந்தாள். மாமியார் வாந்திக்கு வைத்திருந்த சட்டியைப் பக்கத்தில் நகர்த்தினார்கள். வாசல் வெயில் படியேறி உள்ளே வரும்வரை உட்கார்ந்திருந்தோம். அவள் ஒரு ஏப்பம் விட்டாள். நாங்கள் இரண்டு பேரும் சட்டிக்குப் பாய்ந்தோம்.

"இன்னா ரெண்டு பேரும் என் மூஞ்சியே பாக்கறீங்க? சினிமாவா காட்றாங்க இங்க?" என்றாள். பிறகு, "மிச்சம் கீதா, அத்த?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை என் வாசலில் நின்று பஸ்ஸைப் பார்த்தேன். ஏறியவர்களில் அவள் இல்லை. பஸ் கிளம்பி வளைவில் மறையும்வரை உள்ளே போகவில்லை. கொஞ்ச நேரத்தில் மாமியார் பாலோடு வந்தார்கள். மடியிலிருந்து ஒரு இலைப் பொட்டலத்தை எடுத்தார்கள்.

"ராத்திரியும் துன்னா. காலைல கஞ்சியும் நின்னுச்சி," என்றார்கள். "இத உங்க பொட்டிலயே வையுங்க. தை வரைக்கும். சாமி காய வெய்யில்ல வாட உடக் கூடாது." அந்த ஒற்றை மஞ்சள் பருப்பு.

வைத்தேன். தையில் அவளுக்குப் பெண் பிறந்தது. புதுக்காய் படைத்த அன்று மாமியார் வந்து அந்தப் பருப்பை வாங்கிக்கொண்டு போனார்கள்.

குழந்தையைப் பார்க்கப் போனபோது எனக்குப் பொறுக்கவில்லை. மற்ற பொட்டலங்களிலிருந்து சாமி காயைப் பொறுக்கி எடுத்ததையும், துளசியடியில் போட்டதையும் அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் குழந்தையின் கால்விரல்களைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "அப்படியா?" என்றாள். "ஆறயும் எடுத்த ஆளு ஏழாவத ஏன் உட்டீங்க?"

"தெரியலை. குழந்தை அழுதது."

அவள் என் மகளைப் பார்த்தாள். இரண்டரை வயதுக்காரி, புதுக் குழந்தையின் மேல் முழுதாகக் குனிந்து மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தாள். பால்காரப் பெண் அவளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள்.

என் மகளுக்கு இப்போது நாலு வயது. ஒவ்வொரு தையிலும் ஏழு பொட்டலம் ஒட்டுகிறோம். இரண்டு நிமிடமா மூன்றா என்று இன்னும் கடிகாரத்தைப் பார்த்துக் குழம்புகிறேன். ஒட்டுவதற்கு முன்னால் பால்காரப் பெண் தன் முந்தானை முடிச்சை என்னிடம் நீட்டுகிறாள். பொட்டலத்துக்கு ஒன்றாக நான்தான் போடுகிறேன்.